அப்பத் துணியில் வடித்த பீர்

1

போன வாரம் முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு பர்மாக்காரர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கையில் தடித்த நோட்டு, காதில் பென்சில். ஒரு அறைக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற சுகாதார இலாகா ஆள். என்னுடைய பர்மா பாஷை கறிகாய் வாங்கக் காணும், சர்க்கார் உத்தியோகஸ்தரிடம் பேசக் காணாது. வழக்கம்போல மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு எட்டு வயது. அவர் கேட்டதைக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உள்ளபடி சொல்லட்டுமா, மாத்திச் சொல்லட்டுமா?"

குறும்பாகக் கேட்கவில்லை. காப்பிக்குச் சர்க்கரை போடவா வேண்டாமா என்பது போலக் கேட்டாள். ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்குச் சொல்வதில் இப்படி இரண்டு வகை உண்டு என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்.

"உள்ளபடியே சொல்லு" என்றேன். சொன்னாள். வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருக்கிற என் மைத்துனனையும் விடாமல் சேர்த்துச் சொன்னாள். அவர் ஒரு நோட்டீஸ் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இங்கிலீஷ் பக்கத்தை நான் படித்தேன், பர்மாப் பக்கத்தை அவள் படித்தாள். இரண்டிலும் ஒரே திட்டுதான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சில வருஷமாக 'ரங்கூன்வாசி' என்ற பெயரில் எழுதி வருகிறேன். டிராம் வண்டியில் சண்டை போட்ட கிழவி, மீன் ஊறுகாய் நாற்றம், நடுவீதியில் தண்ணீர் ஊற்றி விளையாடும் திருவிழா என்று நிறைய எழுதியாயிற்று. அதிலெல்லாம் நீங்கள் சிரித்தது மற்றவர்களைப் பார்த்து. இந்த முறை ஆள் நான்தான். நாளை மாதத்தின் முதல் ஞாயிறு. போன வருஷம் இதே மாதத்தில், முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, நான் வீட்டில் பீர் காய்ச்சினேன்.

2

பீருக்கு முன்னால் அப்பத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்ததன் கனம் உங்களுக்குத் தெரியாது.

இங்குள்ள எங்கள் தமிழ்ச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, கர்த்தரின் நினைவாக அப்பம் பிட்டுக் கொடுக்கிற ஆராதனை. நாங்கள் வந்த புதிதில் அதற்குக் கடை ரொட்டிதான் வைத்தார்கள். ஒரு முறை போதகர் பிட்டபோது உள்ளே பூஞ்சை பூத்திருந்தது. அடுத்த மாதம் என் மனைவி, யாரும் கேட்காமலே, ஒரு அப்பம் சுட்டு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றுமுதல் அது அவள் பொறுப்பானது. சட்டியின் மேலும் கீழும் கரிநெருப்பு வைத்து, நெருப்பை விட்டு நகராமல் சுடுவாள்.

இதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள். என்னைக் கட்டிக்கொண்டு கப்பலேறியதோடு அது போயிற்று. இங்கே எனக்கு ஆபீஸ் இருக்கிறது, நாலு பேர் 'சார்' என்கிறார்கள். மகளுக்கோ எங்கள் லான்மடாவ் வீதி முழுக்கச் சொந்தம். அவளுக்கு இந்த நீள அறையும் பின்பக்கத்து அடுப்பும்தான். முதல் ஞாயிறு மட்டும் அந்தத் துணி மூட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடப்பாள். நானும் மகளும் பின்னால் போவோம். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் எனக்கு முன்னால் நடப்பது. கோயில் வாசலில் நிற்கிறவர்கள் விலகி வழிவிடுவார்கள்.

அப்பம் உப்பக் கள் வேண்டும். ஆப்பத்துக்கு விடுவதுதானே, நம் பக்கத்தில் தெரியாதவர் யார்? ஆற்றுக்கு அக்கரையில், நாங்கள் சிரியம் என்றும் பர்மாக்காரர்கள் தன்லியின் என்றும் சொல்கிற ஊரிலிருந்து படகில் பனங்கள் வரும். கீழ்வீட்டு டோ மியா எங்களுக்காகச் சனிக்கிழமை மத்தியானம் மூங்கில் குழாயில் கொஞ்சம் வாங்கி வைப்பாள். டோ என்றால் நாம் அம்மா என்கிற மாதிரி மரியாதைச் சொல். சபை மூப்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "கர்த்தருடைய பந்தியில கள்ளா?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார். திருநெல்வேலியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த எங்கள் போதகர் யோசித்து ஒரு வழி சொன்னார். புளிப்புக்கு ஒரு டம்ளர் இருக்கலாம். அதற்குமேல் அந்த வீட்டில் ஒரு சொட்டு இருக்கக்கூடாது. என் மனைவி தலையாட்டினாள். அந்த வாக்கை அவள் காப்பாற்றியதற்கு நான் சாட்சி. டம்ளரில் ஊற்றிய கையோடு மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிக் குழாயைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செக்ரட்டரி. 'தொடேன், தொட விடேன்' என்று நான் கையெழுத்துப் போட்ட பிரதிக்கினைச் சீட்டு, கண்ணாடி போட்டு அடுக்களைக்குப் போகிற வழியில் மாட்டியிருக்கிறது.

3

எங்கள் மரக் கம்பெனித் துரை மெசபொடேமியாச் சண்டைக்குப் போய்த் திரும்பியவர். நல்ல மனுஷர்தான், குரல் மட்டும் பீரங்கி. அவருடைய தம்பி சீமையிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். கருப்பட்டிப் பாகு மாதிரிக் கெட்டியாக மால்ட் என்கிற பார்லிச் சாறு ஒரு டின், கசப்புக்குக் காய்ந்த பூ ஒரு பொட்டலம், புளிப்பு ஒரு பொட்டலம், வீட்டில் பீர் காய்ச்சுவது எப்படி என்று ஒரு தாள். துரையின் பட்லர் சிட்டகாங்கு முஸ்லிம். அந்தச் சட்டியைத் தொடமாட்டேன், வேண்டுமானால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுங்கள் என்று கைகட்டி நின்றுவிட்டானாம். துரை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "உன் வீட்டில் செய்யலாமா?" என்றார்.

"யெஸ் சார்" என்றேன்.

யோசித்துச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் நான் மூன்று வருஷமாகத் தலைமைக் குமாஸ்தா வேலையை 'ஆக்டிங்' ஆகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில் கிடந்தது. பட்லருக்கும் வயிறு உண்டு, குடும்பம் உண்டு. அவனுக்கு வந்த 'மாட்டேன்' எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் பார்சலோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னதுங்க?"

"துரைக்கு ஒரு காரியம். பீரு."

"நம்ம வீட்டிலயா? அவருக்கு வேணும்னா அவரு காய்ச்சட்டும். நாளைக்குத் திருவிருந்து, ஞாபகம் இருக்கா?"

"சும்மா கத்தாத. ஒரு மத்தியானம், அவ்வளவுதான்."

அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

அவளுடைய கல்யாண அண்டாவை எடுத்து அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் மால்ட்டைக் கவிழ்த்தேன். அது நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கருக ஆரம்பித்தது. தாளில் 'கிளறுக' என்று போட்டிருந்ததை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். கருகல் நாற்றம் வந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. "தள்ளுங்க அங்கிட்டு" என்று கரண்டியைப் பிடுங்கிக் கிளறினாள். எந்தப் பொருளும் தன் அடுப்பில் அடிப்பிடிக்க விடமாட்டாள், அது பிசாசுக்குக் காய்ச்சுகிற கஞ்சியாக இருந்தாலும். நான் பக்கத்தில் நின்று தாளைப் படித்துக் காட்டினேன். காய்ந்த பூவைப் போட்டோம். வேப்பம்பூவை வறுத்தாற்போல ஒரு கசப்பு வாசனை வீடெல்லாம் பரவி, படியிறங்கி, வீதிக்கே போய்விட்டது. பிரதிக்கினைச் சீட்டின் கண்ணாடியில் ஆவி படிந்து என் கையெழுத்து மறைந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பூவை வடிகட்ட ஒரு துணி வேண்டியிருந்தது. அவள் அப்போது பின்கட்டில் கரி எடுக்கப் போயிருந்தாள். அலமாரியின் மேல்தட்டில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணி கைக்குக் கிடைத்தது. சுத்தமாக இருக்கிறதே என்று எடுத்து வடித்தேன். அவள் வந்து பார்த்தாள். அப்பம் சுற்றுகிற துணி அது. ஓரத்தில் அவளே சிலுவை போட்டுத் தைத்தது. கழுவினால் போய்விடும் என்று சொன்னேன். அவள் வாங்கி, சோப்புப் போட்டுக் கசக்கினாள். மஞ்சளும் பச்சையுமாகக் கறை நின்றுவிட்டது. முன்ஜன்னல் கொடியில் வெயிலுக்குப் போட்டாள்.

அண்டாவுக்கு ஈரச் சாக்குச் சுற்றி ஆற்றினோம், அடுத்து புளிப்பு. பொட்டலத்தில் வந்தது கப்பல் சூட்டில் செத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்த்தால் அசையவே இல்லை. அவளுடைய கள் டம்ளர் மாவுப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது.

"அது அப்பத்துக்கு" என்றாள்.

"பாதி போதும்."

"பாதியில அப்பம் சரியா உப்பாது."

"உப்பின வரைக்கும் போதும். யாரு அளந்து பாக்கப் போறா?"

பாதியை அண்டாவில் ஊற்றினேன். மிச்சத்தை அவள் மாவில் ஊற்றிப் பிசைந்து மூடி வைத்தாள்.

4

நாலு மணிக்குப் போதகர் வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற கள்ளுக்கடையை எடுக்கச் சொல்லி எக்சைஸ் ஆபீசுக்கு ஒரு மனு எழுதியிருந்தோம். அதில் செக்ரட்டரி கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை காலை அது போயாக வேண்டும். அதற்காக வெயிலில் நடந்து வந்திருந்தார்.

உட்காருவதற்கு முன்னாலேயே அவர் கண் கொடியில் பட்டது.

"இது நம்ம அப்பத் துணியில்லையா செக்ரட்டரி? என்ன இப்படிக் கறை?"

மாதாமாதம் தன் கையால் வாங்கிப் பிரிக்கிற துணி அவருக்கு அடையாளம் தெரியாமலா போகும்? அவர் மூக்கை உறிஞ்சினார். நாலடி எடுத்து வைத்து அடுக்களையை எட்டிப் பார்த்தார். அண்டாவில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் காலி டம்ளர். என் மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

அவர் பெரியவர்களான எங்களைக் கேட்கவில்லை. சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்கலாம். வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகளிடம் குனிந்து, "என்ன பாப்பா, வீட்டில என்ன விசேஷம், என்ன காய்ச்சுறாங்க?" என்றார்.

என் மகளுக்கு வெட்கம் வந்தால் தமிழ் வராது. பர்மா பாஷையில்தான் சொன்னாள், ஒரு மூச்சில். அப்பாதான் காய்ச்சினார். ஆபீஸ் துரைக்கு. அம்மா வேண்டாம் என்றார்கள். அப்பா அம்மாவின் துணியை எடுத்துவிட்டார்.

போதகருக்குப் பர்மா பாஷை ஒரு சொல்லும் தெரியாது. சிரித்தபடி என்னைப் பார்த்தார்.

"பாப்பா என்ன சொல்லுது?"

என் வீட்டில், என் மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, நடந்தது அவர்கள் இருவருக்கும் தெரியும் என்று தெரிந்தும் சொன்னேன்.

"அவ அம்மா அப்பத்துக்குப் புளிப்புக் காய்ச்சுறாளாம் ஐயா."

"இம்புட்டுப் பெரிய அண்டாவிலயா?"

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் ஐயா. கேக்கல."

முதல் பொய் மொழிபெயர்ப்பு என்றாவது வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது என் சொந்தச் சரக்கு.

போதகர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் கோபக்காரர் அல்ல. மெதுவாகத்தான் கேட்டார். "ஏம்மா, அப்படியா?"

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் ஐயா."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. போதகர், "சரிம்மா, இந்தத் தடவை கடையில வாங்கிக்கிடுவோம்" என்றார். பிறகு மனுவை மேஜையில் விரித்தார். கள்ளுக்கடையால் நம் ஜனங்களுக்கு விளையும் கேடுகளைப் பற்றி நானே எழுதிய மூன்று பக்கம். விரலில் பூவின் கசப்பு வாசனையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

திரும்பி வந்தபோது மகள் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தமிழ் தெரியாத பிள்ளை இல்லை.

5

அந்த மாவை அவள் வீணாக்கவில்லை. சாயங்காலம் சுட்டு எடுத்தாள். பாதிதான் உப்பியிருந்தது. இரண்டு நாள் அதைத்தான் தின்றோம். மகளுக்குப் பிடித்திருந்தது, இன்னும் இன்னும் என்று கேட்டாள். நானோ திருவிருந்து அப்பமாகப் போயிருக்க வேண்டியதைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

'இந்தத் தடவை' என்று போதகர் சொன்னது எல்லாத் தடவையும் ஆகிவிட்டது. அவர் யாரிடமும் ஏன் என்று சொல்லவில்லை. கௌரவமாக நடந்துகொள்வதாக நினைத்திருப்பார். சொல்லாததால் ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டார்கள். கள்ளை எதிர்த்த மூப்பர் மட்டும் "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இப்போது கடையிலிருந்து காகிதத்தில் சுற்றி ரொட்டி வருகிறது. ரங்கூன் ரொட்டிக்கடைக்காரனும் கள் விட்டுத்தான் மாவு பிசைகிறான். அவனை யாரும் கேட்கவில்லை. என் மனைவி பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். முதல் ஞாயிறானாலும் எந்த ஞாயிறானாலும் எனக்குப் பின்னால்தான் நடந்து வருகிறாள்.

பீர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு பாட்டிலை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். துரை, "இது என்ன?" என்றார். அவருக்கு மறந்தே போயிருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்து, கள் புளிப்பு மூக்கிலேறித் தும்மினார். "உன் மனைவி ஊறுகாய் போடுவாளா? காடிக்கு ஆகும், அவளிடம் கொடுத்துவிடு" என்றார். மேஜையில் கிடந்த என் காகிதத்தில் அதற்கு முந்தின வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். சீனியாரிட்டிப்படி எனக்குத்தான் வரவேண்டும், வந்தது. பீர் காய்ச்சியிருக்காவிட்டாலும் வந்திருக்கும். இதைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. என்னை யாரும் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்கவில்லை. நானாகவே அவளை விற்றேன், அதுவும் சும்மா.

போதகர் வீட்டு கேட்டுவரை இரண்டு தடவை போனேன். ஒரு தடவை மழையைப் பற்றிப் பேசினேன். இன்னொரு தடவை கோயில் கூரையில் ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் ஒரு நாள், "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு" என்று ஆரம்பித்தேன். "சோறு ஆறுது, வாங்க" என்றாள்.

அந்தத் துணியை அவள் நாலாகக் கிழித்துப் பிடிதுணி ஆக்கிவிட்டாள். தினமும் சோற்றுப் பானையை அதில் பிடித்துத்தான் இறக்குகிறாள். ஒரு துண்டில் பாதிச் சிலுவை இருக்கிறது. தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வேறு எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.

6

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இந்தப் பத்திரிகை கப்பலில் திரும்ப இங்கேதான் வரும். போதகரும் வாங்குகிறார், அந்த மூப்பரும் வாங்குகிறார். நேரில் சொல்ல வராத வாய் எனக்கு, எழுதவாவது வருகிறதே என்று நினைத்தேன். அவள் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"பாதின்னு போட்டிருக்கீங்க" என்றாள் என் மனைவி.

"எது?"

"கள்ளு. பாதி இல்ல. முக்கால்வாசி ஊத்திட்டீங்க. மிச்சம் ரெண்டு கரண்டிதான் இருந்துச்சு."

"ஆமா, முக்கால்வாசி" என்றாள் மகள். தமிழிலேயே சொன்னாள்.

ஒரு வருஷமாக மனசில் நான் அதைப் பாதியாகவே வைத்திருந்திருக்கிறேன்.

"சரி, மாத்திருதேன்" என்றேன்.

"கீழ என்ன பேரு போடுவீங்க?"

"வழக்கம்போலத்தான். ரங்கூன்வாசின்னு."

அவள் முறத்தை ஒரு தடவை புடைத்தாள். "அப்ப, யாரோ ஒரு ரங்கூன்வாசி அவன் பொண்டாட்டிக்குச் செஞ்சதாத்தானே படிப்பாங்க. நம்ம வாசல் வழியாப் போறவங்களுக்கு நான் இன்னும் கள்ளுக் காய்ச்சினவதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை, நம் பெண்களின் வழக்கப்படி. இப்போதும் சொல்லவில்லை. எழுந்து, பிடிதுணியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். அங்கேயிருந்து சொன்னாள்.

"உங்க பேரைப் போட்டு அனுப்புங்க."

'பாதி' என்பதை மேலே அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஊற்றியது முக்கால்வாசி. என் மனைவி என்று மேலே நான் குறித்தவளின் பெயர் கிருபை. அவள் வாங்கி வைத்த கள் ஒரு டம்ளருக்குமேல் எங்கள் வீட்டில் என்றும் இருந்ததில்லை.

ஞா. அருளப்பன்,
லான்மடாவ், ரங்கூன்.